இருபத்தேழு விநாடி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
என் வாய் தோள்பையில் இருக்கிறது.
சில காலைகளில் ஒன்பது சதவீதம் சார்ஜோடு.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை,
சரக்குக் கணக்குப் பிரிவு.
வலக்கையின் நடுவிரல் ஒன்றுதான்
சொன்ன பேச்சைக் கேட்கும் எனக்கு.
(திட்டுகிறேன் என்று நினைத்தவர்களும் உண்டு.
சில நாள் அவர்கள் நினைத்தது சரி.)
அது அடிக்க, பலகை படிக்கும்,
மலாயில் ஒருத்தி, தமிழில் ஒருத்தி.
மலாய்க்காரி, லிஃப்டில் மாடி எண் சொல்பவளின்
தங்கையாக இருக்க வேண்டும்.
தமிழ்க்காரி கடல் தாண்டி வந்தவள்.
"சாப்டாச்சா லா" என்று அடித்தால்
அந்த லாவை மட்டும் தனியே எடுத்து
சட்டக் கல்லூரிக்கு அனுப்பிவிடுவாள்.
தவமலர் தினமும் அதற்கே சிரிப்பாள்.

சிகிச்சை நிலையத்தில்
எட்டுப் பொத்தான் வைத்துக் கொடுத்தார்கள்.
தண்ணீர். கழிவறை. வலிக்கிறது. நன்றி.
மற்ற நான்கும் நன்றியின் உறவுக்காரர்கள்.
பிறகு நானே ஒன்று சேர்த்தேன்:
"இன்னும் முடிக்கவில்லை."
கண்ணாடியில் விரல் அழுக்கு அதிகம் படிந்திருப்பது
அந்த இடத்தில்தான்.

கூட்டத்தில் பேச்சு, செப்பாக் தக்ராவ் பந்து.
ரொஸ்லி உதைக்க, சியூ லியான் தலையால் முட்ட,
தரையைத் தொடாமல் போய்க்கொண்டே இருக்கும்.
மலாயில் அடித்தாலும்
தலைக்குள் வாக்கியம் தமிழில்தான் கிளம்புகிறது.
வினைச்சொல் கடைசிப் பெட்டி.
அது நிலையத்துக்கு வருவதற்குள்
ஜனங்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

போன செவ்வாய் அப்படித்தான்.
நாற்பது சுருளில் தொகுதி எண் மாறியிருந்தது.
ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.
அடித்தேன். விரல் வழுக்கியது. அழித்து, மறுபடி அடித்தேன்.
அழுத்தியபோது அறையில்
பதினொரு நாற்காலி,
பாதி குடித்த ஒரு தே ஓ.
நல்ல உச்சரிப்பில், அவசரமே இல்லாமல்,
"நாற்பது சுருள். எண் தவறு. நிறுத்துங்கள்"
என்றது பலகை
சுவரிடம்.

சக்கர நாற்காலியைத் திருப்பி
கிடங்கு வாசலுக்கு நான் போய்ச் சேருமுன்
லாரி பாலத்தில் ஏறிவிட்டது.

மறுநாள் ரொஸ்லி கேட்டார், கோபமாக இல்லை,
அதுதான் இன்னும் மோசம்:
"வான்மதி, தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நாற்காலிகள் கேட்டன."

யாரோ இருமினார்கள்.
சியூ லியான் பேனாவை மூடித் திறந்து மூடினாள்.

இந்தச் செவ்வாய்
நான் விரலைத் தூக்கியதும்
ரொஸ்லி கையை உயர்த்தினார்.
பந்து தரையில் விழுந்து கிடந்தது.
ஏர்கான் சொட்டுவது கேட்டது.
ஒரு வயிறு இரைவது கேட்டது.
பதினைந்து. பதினாறு.
காத்திருக்கத் தெரியாத பத்துப் பேர்
காத்திருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதை
முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன்.
தவமலர் என் திரையை எட்டிப் பார்க்கவில்லை.
பாதிச் சொல்லை முடித்துக் கொடுக்கவும் இல்லை.
அதை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

உண்மையில் அன்று என்னிடம்
முக்கியமான சேதி எதுவும் கிடையாது.
எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.
ஆனாலும் என் பெயருக்கு எழுதித் தந்த
துண்டு நிலம் அது.
செம்பனைதான் நட வேண்டுமா?
இரண்டு மிளகாய்ச் செடி வைத்தால் ஆகாதா?

இருபத்தேழாம் விநாடியில்
மாடி எண் சொல்பவளின் தங்கை,
மிகுந்த மரியாதையுடன் கேட்டாள்:
"கேண்டீனில் இன்று மீ ரெபுஸ் உண்டா,
இல்லை, நேற்றைய குழம்பேதானா?"

உடனே யாரும் சிரிக்கவில்லை.
அதற்கெல்லாம் கொஞ்சம் நேரம் ஆகும்.
நான் காத்திருந்தேன்.